ஆறட்டும்

அஞ்செட்டி தாண்டிய இறக்கம் முழுக்க
பிரேக்கை மிதித்து மிதித்தே வந்தாயிற்று.
தொட்டல்லா கரையில் நிறுத்திச்
சாவியைத் திருகினால்
இஞ்சின் அடங்குகிறது,
சக்கரங்கள் அடங்கவில்லை.
தோசைக்கல் என்றால் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்,
ஹப்புக்குப் புறங்கைதான்.
அருகே கொண்டுபோனதும்
மயிர் சுருளும் சூடு.

"கால் மணி நேரம் ஆகும் மேடம்."

கால்நடை ஆய்வாளர் யசோதரையின் மடியில் நீலப் பெட்டி.
உள்ளே, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே,
தொட்டமஞ்சு மாடுகள் நூற்றிருபதுக்கும் கோமாரி ஊசி.
"முழங்கால் தண்ணிதானே, போயிடலாமே."

முழங்கால் தண்ணீருக்கு நான் பயப்படவில்லை.
சூட்டோடு இறக்கினால்
இரும்பு சட்டென்று குளிரும்,
அதன் வயிற்றுக் காற்று சுருங்கும்,
சுருங்கியது மூச்சு இழுக்கும்.
அச்சுக்காவது மூக்கு உண்டு.
போன வருஷம் அதில் ரப்பர்க் குழாய் செருகி
சேஸிஸ் ஓரமாய் மேலே ஏற்றி
டீசல் மூடிக்குப் பக்கத்தில்
வாயைக் கவிழ்த்துக் கட்டிவைத்தேன்.
முங்கினாலும் மேல்காற்றைத்தான் குடிக்கும்.
ஹப்புக்கு மூக்கில்லை.
இருப்பது ஒரு ரப்பர் உதடு,
சீல் என்று கடையில் கேட்டு வாங்குவது.
தாகம் எடுத்தால் அது
சேறென்று பார்க்காது, மணலென்று பார்க்காது,
தலைப்பிரட்டை நீந்திய நீரென்றும் பார்க்காது.

அவர் மூடியைத் திறந்து வெப்பமானியைப் பார்க்கிறார்.
ஐந்து.
எட்டைத் தாண்டினால்
அத்தனை மருந்தும் வெறும் தண்ணியாம்.
"திறந்து திறந்து பாக்காதீங்க" என்கிறேன்.
"நீங்க தொட்டுத் தொட்டுப் பாக்கலையா?"

ஒரே கடிகாரம்.
அவருக்கு ஏறுகிறது, எனக்கு இறங்குகிறது.
துப்பட்டாவை ஓடையில் நனைத்துப்
பெட்டியைச் சுற்றிக் கட்டுகிறார்.
மிச்ச முனையைக் காட்டி
சக்கரத்துக்கும் சுத்தட்டுமா என்கிறார்.
வேண்டாம் மேடம், அது தானாக ஆறட்டும்.

ஓடுவதும் ஆறு, சூடு தணி என்பதும் ஆறு.
இந்த மொழியில் வண்டி ஓட்டுகிறவனுக்குத்
தனியாக எச்சரிக்கைப் பலகை எதற்கு?

ஆனாலும் ஒருமுறை நான் நிற்கவில்லை.
ஆடி மாதம், ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து
கெம்பண்ணாவை ஏற்றி வந்தேன், வெள்ளைத் துணியில்.
பின்னால் அவர் பெண்கள் மூவரும்
தொண்டை வற்ற அழுதுகொண்டிருக்க,
இரும்பு ஆறணும், இறங்கி உட்காருங்கள் என்று
எந்த வாயால் சொல்வது?
நேராக இறக்கிவிட்டேன்.
அன்று வண்டியில் இருந்தவர்களில்
அவர் ஒருவருக்குத்தான் அவசரமில்லை.

இரண்டு வாரம் கழித்து
இடது பின்சக்கரம் முனகத் தொடங்கியது.
கழற்றினால் கிரீஸ் மோராகத் திரிந்திருந்தது,
உருளைகளில் மிளகு மிளகாய்த் துரு.
தேன்கனிக்கோட்டைக்குப் போய்ப் புதிது வாங்கினேன்.
உள்ளங்கையில் கிரீஸை வைத்து
இடுக்கு இடுக்காய்ப் பிதுங்கி வரும்வரை
பேரிங்கை அழுத்திக்கொண்டே இருந்தேன்.
அந்தச் செலவை யாரிடமும் கேட்கவில்லை.
எதற்கு என்று சொல்லிக் கேட்பது?

"ஆறரை" என்கிறார் யசோதரை.
புறங்கையைத் திருப்பி
உள்ளங்கையை ஹப்பின்மேல் வைக்கிறேன்.
பத்து எண்ணும்வரை அது அங்கேயே இருக்கிறது.

முதல் கியர்.
நிறுத்தாமல், விரட்டாமல்,
தண்ணீர் முன்னால் ஒரு மடிப்பாய் நகர
அதன் பின்னாலேயே போனோம்.

நூற்றுப் பதினேழு மாட்டுக்குப் போட்டார்.
மூன்று காட்டுக்குள் மேயப் போனவை
திரும்பவில்லை.
ஒரு காளை அவர் முழங்கையைச் சிராய்த்திருந்தது.

திரும்பும்போது அந்தப் பக்கத்து இறக்கம்.
கரையில் நிறுத்தியதும்
எதுவும் கேட்காமல் இறங்கிப் போய்ப்
பெட்டியில் உருகிக் கிடந்ததை ஓடையில் ஊற்றினார்.
அவசரம் என்று இப்போது எதுவுமில்லை.
பொழுது சாய்ந்து,
யானை வரும் நேரம் மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

புறங்கையைக் கொண்டுபோனேன்.
இன்னும் சூடு.